யூலைக்கு ஒரேயொரு ஆள்

ஒஸ்வால்டுக்கு ஒரு வியாதி இருந்தது. எவரைக் கண்டாலும் பேரைக் கேட்கும் முன்னே பிறந்த மாதத்தைக் கேட்பார். சொன்னால் போதும், அதே மாதத்தில் பிறந்த பேர்பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொந்தக்காரராக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஏப்ரலில் பிறந்த மீன்காரருக்கு முரளிதரன். ஒக்டோபரில் பிறந்த பஸ் கொண்டக்டருக்கு காந்தியும் அரவிந்த டி சில்வாவும். கொட்டாஞ்சேனைச் சந்தியில் பாதிப்பேர் அவரால் தலைநிமிர்ந்து திரிந்தார்கள்.

பெண்சாதி இமெல்டாவுக்குத்தான் மானம் போகும். பக்கத்தில் நின்று கிள்ளுவாள். "சனம் சிரிக்குதப்பா! துறைமுகத்தில கிளாக்கர் வேலை பார்க்கிற ஆள் கதைக்கிற கதையே இது?"

ஆனால் அவள் மனம் நொந்தது வேறொன்றில். அவள் பிறந்தது யூலை. கல்யாணம் கட்டி இருபது வருடமாக, "என்ர மாசத்தில ஆர்?" என்று கேட்டால் மனுசன் முகட்டைப் பார்ப்பார். "யூலையில பெரிசா ஒருத்தருமில்லை" என்பார். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்துக்குப் பிறகு அவளும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்த மாதத்தின் பேரைச் சொல்லவே தமிழர் நாக்கு கூசியது. அதுதான் காரணமாக்கும் என்று விட்டுவிட்டாள். போன வருடம் வானொலியில், மண்டேலா பிறந்தது யூலை என்று கேட்டபோதுதான் பொல்லாத கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற மனுசனுக்கு, பெண்சாதிக்கு ஒரு மண்டேலாவைக் கொடுக்க மனம் வரவில்லையே!

இந்த வருடம் அவளுடைய பிறந்தநாள் காலையில் பட்டர் கேக் வாங்கப் போனவர் திரும்பவில்லை. சந்தியில் பொலிஸ் சுற்றிவளைப்பு, அடையாள அட்டை இல்லையென்று ஒஸ்வால்டை ட்ரக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று மாடிவீட்டு பஹ்மியா ஓடிவந்து சொன்னாள். அந்த அட்டையோ கொடியில் தொங்கிய மற்றச் சட்டைப் பையில் கிடந்தது. பொழுதுபடுவதற்குள் மீட்காவிட்டால் வேறெங்கோ கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போன பலர் இன்னும் வரவில்லை.

அட்டையோடு பொலிசுக்கு ஓடினாள். மேசையில் இருந்த சார்ஜன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இமெல்டாவின் சிங்களம் மரக்கறிக் கடைக்குப் போதும், பொலிசுக்குப் போதாது. என்ன சொல்லிக் கெஞ்சுவதென்று தெரியாமல் தவித்தவளின் வாயில், கடைசியில் புருசனுடைய கேள்விதான் வந்தது.

"மஹத்தயா பிறந்தது எந்த மாதம்?"

சார்ஜன் பேனையை வைத்தார். "ஓ, நோனா அந்த மனிதரின் மனைவியா?" என்றார் சிங்களத்தில். "உள்ளே எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார். எங்கள் கொன்ஸ்டபிளுக்கு டிசம்பர், அர்ஜுன ரணதுங்க கிடைத்துவிட்டது. நானும் யூலைதான். எனக்கு யார் என்றால், யூலையில் ஒரே ஒரு ஆள்தானாம், அது அவருடைய மனைவியாம். வேறொரு பேரைச் சொல், விட்டுவிடுகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை."

இமெல்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உயிருக்கு உலை வைக்கிற நேரத்தில் இந்த மனுசனுக்கு என்ன பிடிவாதம்! இருபது வருடமாக அவள் மனம் நொந்தது இதற்காகவா?

"மண்டேலா, மஹத்தயா. நெல்சன் மண்டேலா. யூலைதான்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

சார்ஜன் அந்தப் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அட்டையை வாங்கிப் பார்த்து, உள்ளே குரல் கொடுத்தார். நசுங்கிய கேக் பெட்டியோடு ஒஸ்வால்ட் வெளியே வந்தார்.

"என்ன சொல்லி என்னை வெளியில எடுத்தனீர்?" என்று வாசலில் கேட்டார்.

"மண்டேலாவைக் குடுத்தனான்."

ஒஸ்வால்ட் திடுக்கிட்டு நின்றார். "எவ்வளவு காலமா அவரை ஒளிச்சு வைச்சிருந்தனான்! இனி யூலைக்கு நீர் ஒரேயொரு ஆள் இல்லையே."

"அவரை அந்த சார்ஜன் வைச்சிருக்கட்டும். எனக்கு நீங்கள் திரும்பி வந்ததே காணும்."

அவர் கையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். த்ரீவீலரில் ஏறியதும் ஒஸ்வால்ட் வழக்கம்போல் முன்னே குனிந்தார். இமெல்டா கிள்ளவில்லை. முந்திக்கொண்டு சாரதித் தம்பியிடம் தானே கேட்டாள்:

"மல்லி, நீங்கள் பிறந்தது எந்த மாசம்?"