ஒன்பது நாளில் இருபத்தெட்டு வயது

2024 மே மாதம் சேத்தூர் ஜெபதுரை நெஞ்சுவலியோடு ராஜபாளையத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தபோது அவருக்கு வயது எழுபத்தாறு. ஒன்பதாம் நாள் வெளியே வந்தபோது நூற்று நான்கு. தேவதானத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, அந்த வருடம் வரை தானே மரமேறிக் காய் பறித்தவர் அவர். வலி வந்த காலையிலும் மனைவி தேவகிருபையைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை அவர்தான் ஓட்டிவந்தார். பக்கத்துக் கட்டிலில் மில் தொழிலாளி வேல்பாண்டி, வயது நாற்பத்தேழு. இருவருக்கும் ஒரே மாதிரி மாரடைப்பு, ஒரு மணி நேர இடைவெளியில். வேல்பாண்டியை மதியமே ஆஞ்சியோவுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டென்ட் வைத்தார்கள். ஜெபதுரையின் கட்டிலருகே டாக்டர் அரை நிமிடம் நின்றார். "வயசாயிருச்சும்மா, மாத்திரையிலேயே பாத்துக்கலாம்" என்றார். அவர் நகர்வதற்குள் ஜெபதுரைக்கு ஒரு வயது கூடி, முன்பல் ஒன்று தலையணையில் விழுந்தது.

பிறகு யார் ‘வயசாயிருச்சு’ என்று சொன்னாலும் ஒரு வயது ஏறியது. ஸ்கேன் எடுப்பவர் சொன்னார், நர்ஸ் மாரிசெல்வி பரிவோடு சொன்னாள், பார்க்க வந்த சபை மக்கள் ஜெபத்திலேயே சொன்னார்கள். மூன்றாம் நாள் புருவம் வெளுத்தது, ஐந்தாம் நாள் முதுகு வளைந்தது. தேவகிருபை வார்டு வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டாள். "வயசப் பத்தி மட்டும் பேசாதீய. அவிய தாங்க மாட்டாவ." அவர்களும் சரியென்று உள்ளே போய், பழக்கத்தில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

"ஏட்டி, எனக்கு இப்ப எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டார் ஜெபதுரை.

"எழுவத்தாறுதான்" என்றாள். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் அவரை ஆம்புலன்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டர் நஸீபா, வலி வந்த அன்று எடுத்த இ.சி.ஜி.யை வெகுநேரம் பார்த்தார். "வந்த அன்னைக்கே ஸ்டென்ட் வச்சிருக்கலாமேம்மா. நல்லா தாங்கியிருப்பாரே." பிறகு கட்டிலுக்குப் போய், காகிதம் போலிருந்த மணிக்கட்டில் நாடியைத் தேடினார். "இப்ப இந்த உடம்புக்கு முடியாது."

"அன்னைக்கு முடியும், இன்னைக்கு முடியாது. அப்படித்தானம்மா?"

"ஆமா" என்றார் நஸீபா. அந்த ஒன்பது நாளில் தேவகிருபையின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மாலையில் ஜெபதுரை இறந்தார். சேத்தூர் கல்லறைத் தோட்டத்தில் தகப்பனார் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். சபைப் பதிவேட்டில் தகப்பனார் பிறந்த வருடம் 1923. மகனுக்கு 1920 என்று எண் தானாக மாறியிருந்தது. குருவானவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்துவிட்டு, அதையே அடக்கச் சீட்டில் எழுதினார். இருவர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டவந்த பால்பாண்டி, மூத்தவர் பெயர்தானே மேலே வரணும் என்று மட்டும் கேட்டான். தேவகிருபை தலையசைத்தாள். அவன் ஜெபதுரையின் பெயரை மேலே வெட்டினான்.