கணக்கு சரியாக வந்த நாள்

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஆள் எண்ணும் கருவியை மாட்டியவள் ஆனந்தவள்ளிதான். இலஞ்சிக்காரி, தென்காசியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. முதலில் அந்தக் கருவி ஒவ்வொரு முகத்தையும் பிடித்து வைத்தது. குளிக்கப் போகிறவர்களின் முகம் கம்ப்யூட்டருக்கு எதற்கு என்று முதலாளியிடம் மல்லுக்கட்டி, அந்த வசதியை நீக்க வைத்தவளும் அவள்தான். இப்போது அது மேலிருந்து பார்த்து, உள்ளே போனது எத்தனை பேர், வெளியே வந்தது எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும். யார் என்று அதற்குத் தெரியாது. அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

ஒரே ஒரு தொந்தரவு. அப்பன்மார் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போவார்கள். கருவி ஒரு ஆள் என்று எண்ணும். குளித்த பிள்ளை சும்மா இருக்குமா, துள்ளிக்கொண்டு நடந்துதான் திரும்பும். இப்போது இரண்டு ஆள். ஆக, தினமும் போனவர்களைவிட வந்தவர்கள் இருபது முப்பது பேர் கூடுதல். அவளும் பழகிவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடாத மழை. மூன்று மணிக்குத் தண்ணீர் திடீரென்று கூடியதும் எல்லாரையும் விரட்டி வெளியேற்றினார்கள். காவலுக்கு நின்ற ஏட்டு தங்கசாமி கேட்டைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் கருவியின் திரை இருந்த அவள் அறைக்கு வந்து பார்த்தார். உள்ளே 412. வெளியே 412.

“இன்னைக்குத்தான் ஒன் மிஷின் ஒழுங்கா எண்ணியிருக்கு,” என்றார்.

ஆனந்தவள்ளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அப்படி வந்ததில்லை.

“அண்ணாச்சி, பிள்ளையத் தோள்ல வச்சிக்கிட்டு யாரும் போனாவளா?”

“இந்த மழையில எவன் பிள்ளையக் கூட்டிட்டு வருவான்? ஒரே ஒருத்தன் போனான். செவப்புத் துண்டு.”

“வரும்போது?”

“தோள்ல துண்டு மட்டுந்தான் கெடந்துச்சு. பிள்ளை நடந்து வந்திருக்கும்லா.”

“நடந்து வந்திருந்தா நானூத்திப் பதிமூணு வரணும்.”

தங்கசாமி செல்போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. யாரைத் தேடவேண்டும் என்று கேட்டார்கள். பெயர் என்ன, வயது என்ன, ஆணா பெண்ணா? “ஒரு ஆள்” என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளையா, வேறு யாராவதா, அதுவும் தெரியாது. திரையில் இருந்ததெல்லாம் எண்கள். இருட்டும்வரை பாறை பாறையாகத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதைவிட அவளைப் பயமுறுத்தியது வேறு: ஆளைக் காணோம் என்று ஒருவரும் வரவில்லை. சிவப்புத் துண்டுக்காரனும் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அறையைத் திறந்தாள். இரவில் எண்கள் தானாகப் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

உள்ளே 0. வெளியே 1.

வெளியே ஓடி வந்தாள். வழியில் மழையைத் தவிர யாரும் இல்லை. கேட்டில் பூட்டு தொங்கியது. சாவி தங்கசாமியின் கையில் இருந்தது.

“நான் இங்கனதான் நிக்கேன். யாரும் வரலம்மா,” என்றார். பிறகு திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “நானூத்திப் பதிமூணு ஆயிட்டுல்லா,” என்றார்.

வந்தது யார் என்று காட்ட அந்தக் கருவியிடம் ஒரு முகம்கூட இல்லை. அவள்தான் நீக்கச் சொன்னாள்.