இரண்டு தட்டு

காலை ஒன்பதே முக்காலுக்கு டச்பேட் மூன்றாவது முறையாக உயிரை விட்டது. அம்புக்குறி திரைக்கு நடுவில் நட்டு வைத்தது போல நின்றுகொண்டு, விரலை எவ்வளவு தேய்த்தாலும் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே? உனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று வரைபடக்காரி லேப்டாப்பைக் கேட்டாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பத்து வருடமாக அவள் வரைந்து கொடுக்க, அவள் கணவர் தச்சர் செய்து கொடுக்கிறார். ஆனால் வரைந்ததெல்லாம் அடுத்தவர் ஆசை. "இந்தப் படத்துல இருக்கற மாதிரியே ஒரு அலமாரி" என்று வருவார்கள். இவளும் அச்சு மாறாமல் வரைவாள். முதல் முறையாக இப்போதுதான் சொந்தமாக யோசித்து ஒன்று வரைந்திருந்தாள். சிறுவர் நூலகத்துக்கு ஒரு புத்தக அலமாரி. முன்னாலிருந்து பார்த்தால் சாதாரண அலமாரிதான். பக்கவாட்டில் திருப்பினால் அது படிக்கட்டாக ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒரு குழந்தை உட்கார்ந்து படிக்கலாம். பதினோரு மணிக்கு நூலகர் வீடியோவில் பார்த்து, வேறு இரண்டு பேர் கொடுத்த படங்களோடு வைத்து, இன்றே முடிவு சொல்லப்போகிறார். படத்தைத் திருப்பிக் காட்ட முடியாவிட்டால் பத்து வருட ஆசை வெறும் பலகையாக நிற்கும்.

மவுஸ் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. போன மாதம் அது மரத்தூளைத் தின்று செத்துப்போனது. "நாளைக்கு வாங்கிடலாம்" என்று தச்சர் சொன்னார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை.

நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். சின்ன வயதில் வீட்டிலிருந்த ரேடியோ, கடிகாரம் ஒன்றையும் விடாமல் கழற்றிப் போட்டதால் வீட்டில் அவளுக்குத் திருகாணி என்றே பெயர்.

"அண்ணி, நேத்து டிரைவர் அப்டேட் ஏதாவது போட்டீங்களா?"

"அதுவா போட்டுக்கிச்சு. ஓகேவான்னு கேட்டுது, சரின்னுட்டேன்."

"நம்மகிட்ட ஏதும்மா டிரைவர்? வண்டியை நான்தானே ஓட்டறேன்" என்றார் பின்னால் நின்ற தச்சர்.

"மரமண்டை, சும்மா இருங்க!" என்றாள் அவள். ஊரில் எந்தத் தச்சருக்கும் இவ்வளவு பொருத்தமான செல்லப்பெயர் வாய்த்திருக்காது.

திருகாணி சொல்லச் சொல்ல அவள் டேப் விசையை அமுக்கி, அம்பு விசைகளால் கீழே கீழே போய், ஒருவழியாக டச்பேட் பக்கத்தைப் பிடித்தாள். பழைய டிரைவருக்குத் திரும்பும் பட்டன் மங்கிக் கிடந்தது, அமுங்கவில்லை. டச்பேடை இயக்கும் அந்த டிரைவர் மென்பொருளையே நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தாள். லேப்டாப் எழுந்தது. விரலை வைத்தாள். அம்புக்குறி ஓடியது!

"வந்துடுச்சு திருகாணி! நீ நல்லா இருக்கணும்!"

ஃபோனை வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, ஆரம்பிக்கலாம்" என்று இரண்டு தட்டு தட்டினாள். அம்புக்குறி மறுபடி நட்டுக்கொண்டது.

அந்தத் தட்டு தச்சரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. எந்தப் பலகையிலும் ரம்பம் வைக்கும் முன் அவர் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே பொக்கு இருந்தால் மரமே சொல்லிவிடுமாம். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தவளுக்கே பிறகு பழக்கமாகிவிட்டது. தட்டித் தட்டி டச்பேடின் இடது மூலை பளபளவென்று ஆகியிருந்தது. தட்டாமல் ஒரு கோடு வரைய மாட்டாள்.

மறுபடி நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். "அண்ணி, எனக்கே ஒண்ணும் புரியல. ஒரு மவுஸைத் தூக்கிட்டு நேரா வரேன்" என்றாள் திருகாணி. அவள் எவ்வளவு விழுந்தடித்து வந்தாலும் பதினொன்றேகால் ஆகிவிடும்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு மறுபடி ரீஸ்டார்ட். அம்புக்குறி ஓடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தைத் திறந்தாள். திரையின் ஓரத்தில் நூலகர் வந்தார், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு.

"காட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

வரைபடக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, ஆரம்பிக்கலாம்" என்றாள். விரல் தன் பாட்டுக்கு மூலையில் இரண்டு தட்டு தட்டியது.

போயிற்று. நூலகருக்கு முன்னால் அலமாரி வெறும் அலமாரியாக நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறுபடியும் தட்டு" என்றார் பின்னாலிருந்து தச்சர்.

"இப்ப அதான் குறைச்சலா?"

"நீ தட்டினதும் அந்த மூலையில கடுகளவு வெளிச்சம் வந்துச்சு. நான் பார்த்தேன்."

அவள் குனிந்து பார்த்தாள். மெய்தான். பளபளத்த மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு விளக்கு. அவள் கை நீட்டுவதற்குள் அவரே குனிந்து, பலகையைத் தட்டுவது போலவே இரண்டு தட்டு தட்டினார். விளக்கு அணைந்தது. அம்புக்குறி துள்ளி ஓடியது.

"அங்க யாராவது கதவைத் தட்டறாங்களா?" என்றார் நூலகர்.

"இல்லைங்க, நாங்கதான்" என்று சொல்லிச் சிரித்தபடியே அவள் படத்தைத் திருப்பினாள். அலமாரி மெல்லத் திரும்பிப் படிக்கட்டானது. நூலகர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"அந்த மூணாவது படியில நான் உட்காரலாமா? பெரியவங்க எடை தாங்குமா?"

"நாங்க ரெண்டு பேரும் ஏறி நின்னு காட்டறோம்" என்றார் தச்சர்.

"அப்ப திங்கட்கிழமை அளவெடுக்க வந்துடுங்க. மத்த ரெண்டு படத்துலயும் உட்கார இடமே இல்ல."

மூச்சிரைக்க மவுஸோடு வந்த திருகாணி கண்டது, அண்ணனும் அண்ணியும் மாறி மாறி டச்பேடைத் தட்டி விளக்கை ஏற்றி அணைத்துச் சிரிப்பதைத்தான். அவள் செட்டிங்ஸை ஒரு அலசு அலசினாள். நீக்கியும் ரீஸ்டார்ட்டில் தானாகத் திரும்பி வந்திருந்த புது டிரைவரின் வசதி அது: இடது மூலையில் இருமுறை தட்டினால் டச்பேட் அணையும், மறுபடி தட்டினால் எழும்.

"இதை எழுதினவன் உங்களை மாதிரி ஒரு ஆள் இருப்பாங்கன்னு கனவுல கூட நெனச்சிருக்க மாட்டான் அண்ணி" என்று சொல்லி அந்த வசதிக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பட்டறையில் நூலக வேலைக்கான முதல் பலகை மேஜை மேல் ஏறியது. தச்சர் முட்டியை மடக்கினார். என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு நகர்ந்து நின்றார்.

"இது உன்னோடது. நீ தட்டு."

அவள் இரண்டு தட்டு தட்டினாள். கணீரென்று கேட்டது. தச்சர் குனிந்து பலகையின் இடது மூலையை உற்றுப் பார்த்தார்.

"விளக்கு எதுவும் எரியல. அறுக்கலாம்" என்றார்.