நரிமுனைக்குப் போகிறவர்களுக்கு

இடது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது, வலது கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, வெள்ளைவெளேரென்ற உப்புப் பொருக்குக்கு அடியில் இவ்வளவு கறுப்பாக, இவ்வளவு சில்லென்று சேறு இருக்கும் என்று யார் நினைப்பார்கள், உத்திராபதி இப்போது பேருந்தில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறான், கால் உலர்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் வேதாரண்யம் தாண்டி உப்பளங்கள் தெரியத் தொடங்கியதும் நான்கு வருடத்துக்கு முந்தைய அந்தச் சேறு விரலிடுக்கில் ஏறிக்கொள்கிறது. அன்று மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தான், வரைபடத்தில் முடிந்துபோகிற சாலைகளைத் தேடிப் போவதும் போய்வந்ததை இணையத்தில் எழுதுவதும் அவனுக்குப் பித்து, நரிமுனைச் சதுப்புக்குள் போகும் மண்பாதை ஒரு திருப்பத்தில் மறைய, பளபளவென்றிருந்த வெட்டவெளியில் இறங்கிவிட்டான், வண்டி நின்றது, கால் ஊன்றினான், ஊன்றிய கால் போய்க்கொண்டே இருந்தது. நண்டு பிடிக்க வந்த வேதாம்பாள்தான் பார்த்தாள், ஐம்பது வயதிருக்கும், தோளில் நண்டு போடும் பறிக்கூடை, கத்தாதீங்க தம்பி, மல்லாக்கச் சாஞ்சிக்கிங்க, ஒத்தக் கால மொதல்ல உருவுங்க என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து வந்தாள், அவள் மூச்சில் வெற்றிலை மணத்தது, அது இப்போதும் மணக்கிறது. கரையேற்றியதோடு விடவில்லை, பறவைகளைப் பார்க்கத்தானே வந்தீங்க என்று உமரிச்செடி சிவந்திருந்த மேடாகப் பார்த்து நடத்திப் போய், ஆயிரக்கணக்கான பூநாரைகள் நிற்கும் நீர்ப்பரப்பைக் காட்டினாள், திரும்பும்போது, இங்கிட்டெல்லாம் வண்டியில வராதீங்கன்னு நாலு பேருகிட்டச் சொல்லுங்க தம்பி என்றாள், சொல்கிறேன் அக்கா என்றான்.

அவன் சொல்லவில்லை. பங்குனிக்கு மேல் போங்கள், டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசி எடுக்காது, அதுதான் அழகு, இப்படிப் பத்துக் குறிப்பு எழுதினான், தானே வழி கண்டுபிடித்த மாதிரி எழுதினான், சேற்றில் புதைந்ததை எழுதக் கூச்சமாக இருந்தது, புதைந்ததை விட்டால் வேதாம்பாளையும் விடவேண்டியிருந்தது. முப்பதாயிரம் பேர் படித்தார்கள். போன சித்திரையில் ஒரு கணவனும் மனைவியும் அதைப் பார்த்துப் போயிருக்கிறார்கள், உங்கள் குறிப்பை நம்பித்தான் போனோம், மாட்டிக்கொண்டோம், நண்டு பிடிக்கும் ஒரு அம்மா காப்பாற்றினார், வண்டியையும் இழுக்கும்போது பாவம் அது அவர்மேல் சாய்ந்து தொடை எலும்பு போய்விட்டது, மற்றபடி மறக்க முடியாத பயணம் என்று அடியில் எழுதியிருந்தார்கள், படித்த அந்த நிமிடமே அவன், பத்திரமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி என்று பதில் போட்டான், ஆமாம், அவள் பிடித்து இழுத்த அந்தக் கையால்தான் போட்டான், பிறகு மூன்று மாதம் அந்தப் பதிலையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வேதாம்பாள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து அடுத்தவர்களின் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள், அவனை அடையாளம் தெரியவில்லை, எத்தனையோ பேரை இழுத்துப் போட்டிருக்கேன் தம்பி, எல்லாரு மொகமும் சேறாத்தான் ஞாபகமிருக்கு என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், எழுதியதை, எழுதாமல் விட்டதை, போட்ட பதிலைக்கூட, அந்தக் கட்டுரையை நேற்று அழித்துவிட்டதையும். அவள் ஊசியை நிறுத்தவில்லை. பரவாயில்லை தம்பி என்று சொல்லிவிடுவாள், இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பேருந்தில் வரும்போதே ஒரு மூலையில் நம்பிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, அவள் அதைச் சொல்லவில்லை. அழிச்சா ஆச்சா, படிச்சவுங்க வந்துகிட்டுத்தானே இருக்காங்க, போன வாரங்கூட ரெண்டு வண்டி உள்ள போச்சு, இப்ப இழுக்கப் போறதுக்கு ஆளு யாரு என்றாள், காலைப் பார்க்கவில்லை, வலையைத்தான் பார்த்தாள்.

பிறகு எழுதிக்கிங்க என்றாள். அவன் கைபேசியைத் திறந்தான். பளபளன்னு வெள்ளையா இருந்தா கால வைக்காதீங்க, உமரி சிவந்திருந்தா தாங்கும், மத்தியானத்துக்கு மேல காத்து கடல்பக்கமிருந்து திரும்புனா பறவையுமில்ல ஒண்ணுமில்ல, வெளிய வந்துடுங்க, தண்ணி ஏறுறது கண்ணுக்குத் தெரியாது, வண்டி போனாப் போவுது, வண்டிக்காக யாரையும் எறங்கச் சொல்லாதீங்க. அவன் ஒவ்வொன்றாக எழுதினான், சொற்களை மாற்றவில்லை. அவள் நூலைப் பல்லால் அறுத்துவிட்டு முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள், கடைசியா இதையும் போடுங்க, அங்க நண்டு புடிச்சிகிட்டு ஒருத்தி இருந்தா, இப்ப இல்ல, அப்படின்னு.