நுங்கு வெட்டுகிற கத்தி

வேம்புலியம்மாள் கத்தியை மடியில் செருகவில்லை. மறைத்துக்கொண்டு போனால்தானே குற்றம், ஊரே பார்க்கட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டே கள்ளிக்குப்பத்திலிருந்து கோர்ட்டுக் கச்சேரிக்கு நடந்தாள். தலையில் ஒரு குலை நுங்கு. விடிந்ததும் முதல் வேலையாகக் கத்தியைத் தீட்டியிருந்தாள். புருஷன் நாகப்பனிடமிருந்து போலீஸ் பிடுங்கியதும் இதே மாதிரிக் கத்திதான். ஒரே கொல்லன் ஒரே நாளில் அடித்துக் கொடுத்த ஜோடி. இதைக் காட்டினால் மாஜிஸ்டிரேட் துரைக்குப் புரிந்துவிடும் என்று நம்பினாள்.

எட்டு நாளைக்கு முன்னால், நுங்கெல்லாம் விற்றுத் தீர்த்துவிட்டுத் திருவேற்காட்டுப் பாதையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காய் இருந்த வரைக்கும் அவன் வியாபாரி. காய் தீர்ந்ததும் கத்தியோடு திரிகிற போக்கிரியாம்.

யுத்த பயத்தில் பட்டணத்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதிலிருந்து திருட்டு அதிகமாம். ரோட்டில் யாரும் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. சித்திரையில் பக்கத்து வீட்டுக் கோவிந்தனை அதட்டி அனுப்பிவிட்டார்கள். வைகாசியில் ஒருவனுக்கு ஒரு வாரம் ஜெயில். ஆனி பிறந்ததும் இன்னொருவனுக்கு ஒரு மாசம். கத்தி என்னவோ அதே நீளம்தான், தண்டனைதான் வளர்ந்துகொண்டே போனது. மிராசுதார் மகன் ஜம்புலிங்கமும் ஒரு நாள் மாட்டினார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடிக்குள் ஒரு முழக் கத்தி. அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, தடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்களே, அது எந்தச் சட்டம்?

கச்சேரி வாசலில் நின்ற போலீஸ்காரர், நுங்கு விற்க வந்தவள் என்று நினைத்து அவளை உள்ளே விட்டுவிட்டார்.

நாகப்பன் கூண்டில் தலை குனிந்து நின்றான். அவன் கத்தி, பிடியில் பேர் எழுதின சீட்டுக் கட்டி மேஜைமேல் கிடந்தது. மாஜிஸ்டிரேட் விசிறிக்கொண்டே சொன்னார்.

"மூணு மாசம். கொஞ்சம் கடுமையாப் போட்டாத்தான் இவங்களுக்கு உறைக்கும்."

மூன்று மாசம்! அவன் வருவதற்குள் நுங்குக் காலமே முடிந்துவிடும். வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது. அவள் குலையைத் தொப்பென்று தரையில் இறக்கினாள்.

"அந்தக் கத்தி இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா சாமி? இத்துக்குத்தான்!"

ஒரே வெட்டு. சீவின தலை மேஜைக்கடியில் உருண்டது. மறு நிமிஷம் இரண்டு பேர் அவள் கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கினார்கள். கோர்ட்டுக்குள்ளேயே கத்தியா என்று மாஜிஸ்டிரேட் கத்தினார். குமாஸ்தா பேர் கேட்டார்.

"எளுதிக்கோ. கள்ளிக்குப்பம் நாகப்பன் பொஞ்சாதி வேம்புலி. நுங்கு வெட்னது குத்தம்னு நல்லா எளுதிக்கோ."

"நீ இன்னாத்துக்கும்மே வந்தே?" கூண்டிலிருந்து நாகப்பன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை.

மத்தியானம் கோர்ட் கலைந்தது. இருவரையும் ஜெயில் வண்டி வரும்வரை தாழ்வாரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். திறந்த கதவு வழியே உள்ளே தெரிந்தது. வெயிலுக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்ட மாஜிஸ்டிரேட், தரையில் கிடந்த குலையைப் பார்த்துச் சேவகனுக்குக் கண் காட்டினார். அவன் மேஜைமேலிருந்த இரண்டு கத்திகளையும் விரலால் தடவிப் பார்த்து, அவளுடையதை எடுத்தான்.

ஒரே வெட்டு. மாஜிஸ்டிரேட் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தோண்டி, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். அடுத்த காயைச் சேவகன் சீவினான். நுங்குத் தண்ணீர் கத்தியில் வழிந்து, பிடியில் கட்டியிருந்த, அவள் பேர் எழுதின சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.