டிரம் நின்றிருந்தபோது நடந்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வாழ்க்கையிலிருந்து கிடைக்கவில்லை, ஒரு பட்டியலிலிருந்து கிடைத்தது. இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. போன மாதம் வந்தது, மரக்கிளைகளைத் துண்டு துண்டாக அரைத்துத் துப்பும் சிப்பர் இயந்திரத்தின் கையேடு. அதில் பேரிங் சீக்கிரம் தேயாமலிருக்கப் பதினான்கு எச்சரிக்கைகள். கிரீஸ் வை, தூசி துடை, பெல்ட்டை அளவாக இழு என்று பத்து வரை வழக்கமான அறிவுரைகள். பதினோராவதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. யாரோ ஒருவர் செய்து தொலைத்திருக்காவிட்டால் இப்படி ஓர் எச்சரிக்கை எதற்கு?

(அது என்ன என்று இப்போதே சொன்னால் கதை கெட்டுவிடும். கொஞ்சம் பொறுங்கள்.)

2

முதல் ஆரம்பம்: 'காலைச் சூரியனின் பொற்கதிர்கள் மரத்தூளில் பட்டு' — வேண்டாம். மரத்தூள் பறந்தால் இருமல்தான் வரும்.

இரண்டாவது ஆரம்பம்: 'ஆண்களே கோலோச்சும் பட்டறையில் அவள் ஒரு' — இதைப் படித்தால் அவளே ஸ்பேனரைத் தூக்கி என் மேல் எறிவாள்.

மூன்றாவது ஆரம்பம்: மூன்றாவது பேரிங்கும் போய்விட்டது.

இதுதான் சரி. இங்கிருந்து போகலாம்.

3

மரம் வெட்டிக் கழிக்கும் ஒரு நிறுவனத்தில் அவள் ஃபிட்டர். பழுது பார்ப்பது, கழற்றி மாட்டுவது, வெல்டிங் எல்லாம் அவள் கைதான். சிப்பரை ஓட்டுவது அவள் கொழுந்தன், கணவனின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன், வயது முப்பத்திரண்டு ஆன பிறகும். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மேல் வீட்டில் அவள் குடும்பம், கீழ் அறையில் அவன். சாப்பாடு ஒரே இடம்.

கத்திகள் பூட்டிய பெரிய டிரம் ஒன்று சிப்பருக்குள் சுற்றும். அதன் இரு முனைகளையும் பேரிங்குகள் தாங்கும். இரண்டு வருடம் உழைக்க வேண்டிய பேரிங், ஒரே பக்கத்தில், மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது போன அன்று முதலாளி முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது, வச்சு வச்சு எடுக்கறதுக்கா பேரிங்?"

"கிரீஸ் வைக்கலன்னா எந்த பேரிங் சார் தாங்கும்?" என்றாள் அவள்.

அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் கிரீஸ் வைக்கும் பொறுப்பு ஒரே ஒருவனுடையது. எட்டுப் பேர் நின்றிருந்தார்கள், எட்டுப் பேரும் சின்னவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தினமும் வைக்கிறேன் அண்ணி" என்றான்.

"வச்சா ஏன் தம்பி போகுது?"

சனிக்கிழமை கடைசி நாள், திங்கள் முதல் வேறு ஆள் என்று முதலாளி அங்கேயே முடித்துவிட்டார். அன்று சாப்பிடும்போது சின்னவன் தட்டைப் பார்த்தபடி சொன்னது இவ்வளவுதான்:

"கழட்டுனத குப்பையில போட்டுறாதீங்க அண்ணி. ஒரு தடவை அறுத்துப் பாருங்க."

(முதலில் அவனை அழவைத்திருந்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். கோபத்தில் இருப்பவர்களை அழவைத்துப் பரிதாபம் சம்பாதிப்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.)

4

அவள் அறுத்தாள். அவன் புளுகுகிறான் என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற வீம்பில்தான் அறுத்தாள். இதை மறைக்க எனக்கு ஆசை, ஆனால் அது நியாயமில்லை.

இரும்பறுக்கும் கிரைண்டர் பேரிங்கின் வெளி வளையத்தைப் பிளந்தது. உள்ளே நிறையக் கிரீஸ். முகர்ந்து பார்த்தாள், கருகல் இல்லை. விரலில் தேய்த்தாள், மண் நறநறக்கவில்லை. தண்ணீர் புகுந்திருந்தால் வெளுத்திருக்கும், அதுவும் இல்லை. கொஞ்சம் இரும்புப்பொடி மினுங்கியது, அது பேரிங்கே உதிர்த்தது. தூசி புகாமல் மூடும் சீல் கிழியவில்லை. எழுந்து போய் பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள், இழுப்பு அளவாக இருந்தது. கத்திகளும் கூராகத்தான் இருந்தன.

"வச்சிருக்கான்" என்றாள் வாய்விட்டு.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏன் போனது என்று தெரியாமல் விடுவது அவள் பிறவியிலேயே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு வளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். உருளைகள் ஓடும் தடத்தில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. பெயராத இடத்தில் எள்ளளவு கருப்புப் புள்ளிகள், வரிசையாக, சம இடைவெளியில். உருளைகளின் கூட்டை எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு உருளைக்கும் நேர் கீழே ஒரு புள்ளி, சூடு பட்ட தழும்பு.

ஓடும்போது பட்ட காயமாக இருந்தால் தடம் முழுக்க இழுபட்டிருக்கும். இது டிரம் நின்றிருந்தபோது பட்டது. நிற்கும் சிப்பரில் வெல்டிங் நெருப்பு வைக்கும் ஆள் அந்த இடத்தில் ஒருத்திதான்.

(பதினோராவது எச்சரிக்கை: 'டிரம்மில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை டிரம்மிலேயே மாட்டவும். இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் மாட்டக் கூடாது.')

ஒவ்வொரு முறையும் புதுப் பேரிங் மாட்டிய கையோடு, 'அப்படியே இதையும் முடிச்சிடுவோம்' என்று, டிரம்மில் தேய்ந்துபோன கத்தி விளிம்புகளை வெல்டிங் வைத்து நிரப்பியிருக்கிறாள். வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் கம்பியின் கவ்வியை, அந்த எர்த் கிளாம்பை, சட்டத்தில், கைக்கு எட்டிய அதே இடத்தில், கவ்வவிட்டிருக்கிறாள். அங்கே பெயிண்ட் போய்க் காசளவு பளபளப்பே விழுந்திருந்தது. டிரம்மிலிருந்து சட்டத்துக்குக் கரண்ட் போக, பக்கத்துப் பேரிங்கை விட்டால் வேறு கிட்டத்து வழி இல்லை. போகிற வழியில் பொறி பறந்து சுட்டிருக்கிறது. மூன்று பேரிங்கையும் மாட்டிய அன்றே அவள் கெடுத்திருக்கிறாள்.

5

இந்த இடத்தில் அவளைக் காப்பாற்ற நான் படாத பாடு பட்டேன்.

முதல் முயற்சி: பேரிங்குகள் போலி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். யாருக்கும் வலிக்காத முடிவு. மூன்றும் மூன்று கடையில் வாங்கியவை என்பது நினைவுக்கு வந்ததும் காகிதத்தைக் கசக்கிவிட்டேன்.

இரண்டாவது முயற்சி: அவள் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் கிளாம்பை டிரம்மில் மாட்டுகிறாள். நான்காவது பேரிங் இரண்டு வருடம் ஓடுகிறது. 'புது ஆள் வந்த பிறகு பிரச்சினையே இல்லை பாத்தீங்களா' என்கிறார் முதலாளி. அதாவது, அவள் எவ்வளவு நன்றாகத் திருத்திக்கொள்கிறாளோ அவ்வளவு உறுதியாகச் சின்னவன் குற்றவாளி ஆகிறான். உண்மையைச் சொன்னால், இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்படி எழுதினால் நாலு பேர் பாராட்டுவார்கள் என்றும் தோன்றியது.

அவளுக்குப் பிடிக்கவில்லை. அறுத்த வளையத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

6

சனிக்கிழமை காலை. சாவி, காது மூடி, கண்ணாடி எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சின்னவன் வந்திருந்தான். அவள் முதலாளியை அறையில் பார்க்கவில்லை, முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன் சார். இதையும் எல்லார் முன்னாடியுமே சொல்லிடறேன். தம்பி ஒழுங்காத்தான் கிரீஸ் வச்சிருக்கான். மூணு பேரிங்கையும் கெடுத்தது நான்."

வளையத்தைக் காட்டினாள், புள்ளிகளைக் காட்டினாள், சட்டத்தில் இருந்த பளபளப்பைக் காட்டினாள். ஒருவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு இருமலாக மாற்றிக்கொண்டான்.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "சரி விடும்மா, தெரியாம நடந்ததுதானே. தம்பி, நீ திங்கக்கெழமை வழக்கம்போல வந்துடு." அவருக்கு அது அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார்.

அவள் விடவில்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்து, அந்தப் பளபளப்பின் பக்கத்திலேயே, 'எர்த் இங்கே மாட்டாதே' என்று எழுதினாள். நாளைக்கு வேறு எவர் வெல்டிங் வைத்தாலும் கண்ணில் படும்படி கொட்டை எழுத்தில். தூரிகையை வைத்துவிட்டுக் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே உன்னைக் குத்தவாளியா நிக்க வச்சுட்டேன். தப்பு என் மேலதான்."

சின்னவன் சாவியை நீட்டவும் இல்லை, பையில் போடவும் இல்லை. அவளை நேராகப் பார்த்து வாயைத் திறந்தான்.

அவன் சொன்னதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் ஒன்பது விதமாக எழுதி ஒன்பதையும் அடித்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. 'பரவால்ல அண்ணி' என்று மட்டும் அவனைச் சொல்லவைக்காதீர்கள். அவன் பட்டது அப்படிச் சொல்லி முடித்துவிடக்கூடியது இல்லை. அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று அவளும் அங்கே நிற்கவில்லை.