விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

ஏரிக்கரை இதய நோயாளிகள் இல்லத்தின் சாப்பாட்டுக்கூடத்தை வடிவமைத்து நடத்தி வந்தவள் பெர்மெட். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடத் தரையில் ஒரே ஒரு நீண்ட விரிப்பு, சின்னக் கிண்ணங்கள், அரைக் கோப்பைக்கும் குறைவாகத் தேநீர். குறைவாக ஊற்றினால் மறுபடி நீட்ட வேண்டும். நீட்டினால் பேச்சு வளரும். பேசுகிறவர் அள்ளி அடைக்க மாட்டார். மனைவி போனபின் சாப்பாட்டையே வெறுத்திருந்த அசன்குல் கிழவர் அங்கேதான் மறுபடி ரொட்டியைப் பிட்டார்.

அது பொறுக்குமா? புது இயக்குநர் தலாய்பெக் வந்தார். தலைநகர் பிஷ்கெக்கில் நின்றபடியே காகிதக் கோப்பையில் காபி குடித்து வளர்ந்த மனிதர். சீக்கிரம் தின்று சீக்கிரம் எழ வேண்டுமாம். தேநீர் இயந்திரம் ஒன்றை நிறுத்தினார். அது கோப்பையை விளிம்பு வரை நிரப்பியது.

நிரம்பிய கோப்பையைக் கண்டதும் அசன்குல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். கிர்கிஸ் வழக்கத்தில் விருந்தாளிக்கு முழுக் கோப்பை கொடுப்பது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதுதானே! பெர்மெட் அறைக்கு ஓடினாள். கிழவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"போன்னு சொல்லிட்டீங்க. போறேன்மா."

"யாரு சொன்னா? நான் சொன்னேனா? வாங்க தாத்தா!" அவள் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

கிழவரைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பி இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கினாள். தேநீர் கொதிக்கும் சமோவார் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்து, விரிப்பின் ஒரு முனையில் உட்கார்ந்து, தன் கையால் ஊற்றத் தொடங்கினாள். தலாய்பெக் பாய்ந்து வந்தார்.

"யாரைக் கேட்டுப் பிடுங்குன? இயந்திரத்துக்கு மரியாதை தெரியுமா? அது ஊத்துனதுக்குப் போய் கோவிச்சுக்கிறதா? இந்த விரிப்பு, சமோவார் எல்லாம் நாளைக்கு இங்க இருக்கக் கூடாது. இருந்தா நீ இருக்க மாட்ட."

"உக்காருங்க சார். முதல்ல ஒரு டீ."

அவர் முறைத்தபடியே உட்கார்ந்தார். பெர்மெட் ஊற்றினாள். பாதி தாண்டியது. கூடத்தில் எல்லாரும் கோப்பையைப் பார்த்தார்கள். விளிம்பு தொட்டது. சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இது இயந்திரம் ஊத்தல சார். நான் ஊத்துனேன்."

அவர் முகம் காது வரை சிவந்தது. என்ன இருந்தாலும் கிர்கிஸ் வீட்டுப் பிள்ளை. கோப்பையை வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

நாளை வேலை இருக்குமா என்று பெர்மெட்டுக்குத் தெரியாது. அசன்குல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, காலிக் கோப்பையை நீட்டினார்.

"எனக்குக் கொஞ்சமா ஊத்தும்மா."